ஜெர்சியில் இருக்கும் அந்தப் புள்ளிகள் யாருடையவை?

கேள்வி இதுதான். மெல்பர்ன் புறநகர் ஒன்றில் நம்மவர்கள் நடத்தும் கிரிக்கெட் கிளப்புக்கு அடுத்த சீசனில் புது ஜெர்சி எடுக்கிறார்கள். 2020-இல் இந்தியாவுக்கு எதிரான டி20 தொடரில் ஆஸ்திரேலிய அணி போட்டு ஆடியதே, பூர்வகுடி ஓவியம் வைத்த ஜெர்சி, அதுபோல ஒன்று வேண்டும் என்று பையன்கள் கேட்கிறார்கள். இணையத்தில் அழகான புள்ளி ஓவியம் ஒன்று இலவசமாகக் கிடைத்திருக்கிறது. திருப்பூரில் அச்சடித்து வாங்க ஏற்பாடு. "அந்தப் புள்ளிக்கும் வட்டத்துக்கும் என்ன அர்த்தம்? நாங்கள் போட்டால் தப்பாகுமா?"

பூர்வகுடி ஓவியத்தோடு ஜெர்சி போடலாம், நிச்சயமாகப் போடலாம். ஆனால் இணையத்தில் கிடைத்த அந்த ஓவியத்தைப் போடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இந்த ஊரில் விளையாட்டுத் துணி வடிவமைப்பில் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக இருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் இதே காரியத்தை நானே செய்தேன். ஒரு கிளப்பின் ஜூனியர் அணிக்குச் சட்டை. செம்மண் நிறம், வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், நடுவில் ஒரு பல்லி. எங்கிருந்தோ எடுத்து நானே ஒட்டிச் சேர்த்தது. சட்டைகளைக் கொடுத்த அன்று ஒரு பையனின் பாட்டி வந்திருந்தார், பூர்வகுடிப் பெண்மணி. சட்டையை மடியில் விரித்து, பல்லியின் வால் நுனியிலிருந்து தலைவரை விரலால் மெதுவாகத் தடவினார். "இது எந்த மண்ணின் கதை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "யார் வரைந்தது?" அதற்கும் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. சட்டையை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். பேரன் அன்று பழைய சட்டையிலேயே ஆடினான். அந்த இரண்டு கேள்விகளும் இன்றுவரை என் மேஜை மேல் எழுதி ஒட்டியிருக்கின்றன. புது ஆர்டர் எது வந்தாலும் அவற்றிலிருந்துதான் தொடங்குகிறேன்.

சரி, புள்ளிக்கு வருவோம். நமக்குப் புள்ளியைப் பார்த்தால் உடனே கோலம் நினைவுக்கு வரும். ஆனால் கோலத்தில் புள்ளி வைத்துவிட்டு அதைச் சுற்றிக் கோடு இழுக்கிறோம். மத்திய ஆஸ்திரேலியப் பாலைவன ஓவியத்தில் பல இடங்களில் புள்ளியின் வேலை நேர் எதிரானது. அங்கே அது மறைக்கிறது. அந்த மக்கள் மணலிலும் சடங்கின்போது உடம்பிலும் வரைந்து வந்த உருவங்களை, 1971-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே பாப்புன்யா என்ற ஊரில் பலகையிலும் பிறகு கேன்வாஸிலும் வண்ணத்தால் தீட்டத் தொடங்கினார்கள். ஓவியங்கள் விற்பனைக்குப் போக ஆரம்பித்ததும் பெரியவர்களுக்குள் பதற்றம் வந்தது. சடங்கில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் பார்க்க வேண்டியவை ஊர் பேர் தெரியாதவர் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. அதன் பிறகுதான் சிலவற்றை விட்டுவிட்டு, சிலவற்றின் மேல் புள்ளிகளை அடர்த்தியாகப் பரப்பும் முறை வலுத்தது. நீங்கள் "டிசைன்" என்று பார்க்கிற புள்ளித்திரைக்குப் பின்னால் சொல்லக்கூடாத ஒன்று இருக்கலாம்.

வட்டத்துக்குள் வட்டம் என்றால் பெரும்பாலும் கூடும் இடம், முகாம், நீர்ச்சுனை. குதிரை லாட வடிவம் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்த மனிதர். எழுந்து போனால் மணலில் அந்தத் தடம்தானே மிஞ்சும்! மூன்று கோடு பிரிந்த அம்புக்குறி மாதிரி இருப்பது ஈமு பறவையின் காலடி. ஆனால் இதை அகராதிபோல வைத்துக்கொண்டு படிக்க முடியாது. ஒரே வட்டம் ஒருவர் ஓவியத்தில் நீர்நிலை, இன்னொருவர் ஓவியத்தில் நெருப்பு. வரைந்தவர் சொன்னால்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், நிறையப் பேருக்குத் தெரியாதது. புள்ளி ஓவியம் என்பது பாலைவனத்தின் வழக்கம். வெள்ளைக்காரர்கள் 1788-இல் வந்து இறங்கியபோது அந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன, ஒவ்வொரு பகுதிக்கும் கைவழக்கம் வேறு. வடக்கே ஆர்னம் நிலத்தில் மரப்பட்டை மேல் மயிரிழை போன்ற குறுக்கு நெடுக்குக் கோடுகள், அதற்கு அவர்கள் பெயர் ராக். நீங்கள் இருக்கும் விக்டோரியாவில், தென்கிழக்கில், கோடும் சாய்சதுரமும்தான் பாரம்பரியம். கேடயத்தில் செதுக்குவார்கள். போஸம் என்ற சிறு விலங்கின் தோல்களைச் சேர்த்துத் தைத்த போர்வையின் உட்புறத்தில் கீறுவார்கள். குழந்தை பிறந்ததும் சின்னதாகத் தொடங்குகிற போர்வை, ஆள் வளர வளரத் தோல் சேர்ந்து அதுவும் வளரும், கதையும் கூடும். 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட பழைய போர்வைகள் இரண்டு மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மெல்பர்ன் கிளப் ஒன்று பாலைவனப் புள்ளிகளைப் போட்டுக்கொண்டால், கிட்டத்தட்ட 2000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களின் கதையை எடுத்துவந்து, தான் நிற்கிற மண்ணின் மக்களை மறைப்பதாக ஆகிவிடும். நீங்கள் ஆடும் மைதானம் வுருண்ட்ஜெரி மக்களுடையதா, புனுரோங் மக்களுடையதா என்று பார்ப்பதே முதல் வேலை.

இப்போது உங்கள் பையன்களுக்குப் பிடித்த அந்த 2020 ஜெர்சி. அதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

அதை ஃபியோனா கிளார்க் என்ற கிர்ரே வுரோங் பூர்வகுடிப் பெண்மணியும் கோர்ட்னி ஹேகன் என்ற இளம் பூர்வகுடிப் பெண்ணும் சேர்ந்து வடிவமைத்தார்கள். தயாரித்தது ஆசிக்ஸ் நிறுவனம். ஃபியோனாவை எல்லோரும் 'ஆன்ட்டி ஃபியோனா' என்றுதான் எழுதுவார்கள். நாம் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆன்ட்டி இல்லை இது. பூர்வகுடிச் சமூகத்தில் ஆன்ட்டி, அங்கிள் என்பவை பெரியவர்களுக்குச் சமூகம் கொடுக்கும் மரியாதைப் பெயர்கள். அவர் அந்த வேலைக்கு வந்தது ஏதோ ஓவியப் போட்டியில் ஜெயித்து இல்லை. 1868-இல் இங்கிலாந்து போன பூர்வகுடி கிரிக்கெட் அணியில் 'மஸ்கிட்டோ' என்ற பெயரில் ஆடிய ஒருவரின் வழித்தோன்றல் அவர். அந்த மூதாதையின் சொந்தப் பெயர் குரோங்கரோங்.

அந்த 1868 அணியைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு போய் ஆடிய முதல் விளையாட்டு அணி அது. 1878-இல் வெள்ளையர் அணி இங்கிலாந்து போவதற்குப் பத்து வருஷம் முன்பு, மேற்கு விக்டோரியாவின் ஆட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்த பூர்வகுடி ஆண்கள்தான் அந்த அணியில் பெரும்பாலோர். கம்பளி ஏற்றிப் போகும் கப்பலில் மூன்று மாதப் பயணம். மே மாதம் இறங்கி, ஓவல் மைதானத்தில் தொடங்கி, 47 ஆட்டங்கள். 14 வெற்றி, 14 தோல்வி, 19 டிரா. ஜானி முல்லா என்பவர், சொந்தப் பெயர் உனாரிமின், அந்த ஒரே பயணத்தில் 1698 ரன்னும் 245 விக்கெட்டும் எடுத்தார். எண்ணை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு ஓய்வு கிடையாது. பூமராங் வீச வேண்டும், ஈட்டி எறிய வேண்டும். டிக்-எ-டிக் என்பவர் ஒரு குறுகலான கேடயத்தையும் வளைந்த தடி ஒன்றையும் பிடித்துக்கொண்டு நிற்பார், கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் அவர் மேல் கிரிக்கெட் பந்தை எறியலாம். அவர் எல்லாவற்றையும் தட்டிவிடுவார். அந்தத் தடி இன்றும் லார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிங் கோல் என்ற பெயரில் ஆடியவர் காசநோயால் லண்டனிலேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். இன்று அது மீத் கார்டன்ஸ் என்ற பூங்கா. 1988-இல் அங்கே அவர் நினைவாக ஒரு யூகலிப்டஸ் நட்டார்கள்.

ஜெர்சிக்கு இதில் என்ன சம்பந்தம் என்றால், அவர்களுக்கும் ஒரு சீருடை இருந்தது. சிவப்புச் சட்டை, நீல இடைப்பட்டை. பார்வையாளர்களுக்கு யார் யார் என்று அடையாளம் தெரியவேண்டுமே, அதற்காகத் தொப்பி மட்டும் ஆளுக்கொரு நிறம். சொந்தப் பெயருக்குப் பதில் டூபென்னி, சன்டவுன், ரெட் கேப் என்று யாரோ வைத்த பட்டப்பெயர். இரண்டு பைசா என்று ஒரு மனிதனுக்குப் பெயர்! பெயரையும் நிறத்தையும் அடுத்தவர்கள் முடிவு செய்த அந்த அணியின் வாரிசு ஒருவர், ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நாட்டின் தேசிய அணிச் சட்டையில் என்ன வரைய வேண்டும் என்று முடிவு செய்கிறார். அந்த ஜெர்சியின் எடை அதில் இருக்கிறது. புள்ளியின் அழகில் இல்லை. ஃபியோனா வரைந்த 'வாக்அபவுட் விக்கெட்ஸ்' என்ற ஓவியம் ஆஸ்திரேலிய அணிகளின் சட்டைக் காலரிலும் இடம்பெற்றது. இங்கிலாந்து போன அந்தப் பயணத்தின் கதைதான் அதுவும்.

அணி திரும்பிய அதே வருஷம், 1869-இல், விக்டோரியாவில் 'பாதுகாப்பு'ச் சட்டம் வந்தது. பூர்வகுடி மக்கள் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்பதையெல்லாம் அரசு வாரியம் தீர்மானிக்கத் தொடங்கியது. இன்னொரு 1868 நடக்க வழியில்லாமல் போனது. ஆண்கள் டெஸ்ட் அணியில் பூர்வகுடி வேர் கொண்டவர் என்று அறியப்பட்ட முதல் ஆள் ஜேசன் கில்லெஸ்பி, அறிமுகம் 1996-இல். பெண்களில் ஃபெய்த் தாமஸ் 1958-லேயே ஆடிவிட்டார். 1868-க்கும் 1996-க்கும் நடுவில் எத்தனை முல்லாக்கள் பண்ணையோடும் குடியிருப்போடும் முடிந்துபோயிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறாது.

நம் ஆட்களுக்கு இந்த ஜெர்சியோடு நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. 2020 டிசம்பர் 4, கான்பரா, மனுகா ஓவல். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டி20 அறிமுகமானது அன்றுதான், எதிரே ஆஸ்திரேலியா இந்தப் பூர்வகுடி ஜெர்சியில். 30 ரன் கொடுத்து 3 விக்கெட். அந்த மூவரில் ஒருவர் தொடக்க ஆட்டக்காரர் டார்சி ஷார்ட், அவரே பூர்வகுடி வேர் கொண்டவர். அடுத்த தடவை அந்தக் காணொளியைப் பார்க்கும்போது நடராஜனின் யார்க்கரோடு சேர்த்து எதிரணிச் சட்டையையும் கொஞ்சம் பாருங்கள். மறுநாளே சிட்னியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஆஸ்திரேலிய ரக்பி யூனியன் அணியும் பூர்வகுடி ஜெர்சியில் இறங்கியது. ஒலிவியா ஃபாக்ஸ் என்ற விராஜுரி பூர்வகுடி இளம்பெண் தேசிய கீதத்தை முதலில் சிட்னி மண்ணின் இயோரா மொழியில் பாடினார். அந்த மாதமே மெல்பர்ன் பாக்ஸிங் டே டெஸ்டில் ஆட்ட நாயகனுக்கு முல்லா பெயரில் பதக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் பதக்கம் அஜிங்க்ய ரஹானேவுக்கு. அடுத்த வருஷம் 7 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து அதை வாங்கிய ஸ்காட் போலண்ட் குலிட்ஜன் பூர்வகுடி வழியில் வந்தவர்.

கிரிக்கெட்டைவிட இந்த வழக்கம் ஆழமாக வேரூன்றியது ஆஸ்திரேலிய ஃபுட்பாலில், ஏஎஃப்எல்லில். அங்கே கையில்லாத சட்டைக்கு கெர்ன்சி என்று பெயர். வருஷந்தோறும் பூர்வகுடிச் சுற்றின்போது எல்லா கிளப்பும் பூர்வகுடி ஓவியர்கள் வரைந்த கெர்ன்சி அணிகிறார்கள். 2016-இலிருந்து அந்தச் சுற்றின் பெயர் சர் டக் நிக்கோல்ஸ் சுற்று. டக் நிக்கோல்ஸ் யோர்டா யோர்டா இனத்தவர். 1920-களில் பெரிய கிளப் ஒன்றில் சேரப் போனபோது, கறுப்பன் உடம்பைத் தொட்டு மாலிஷ் செய்ய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு ஆடினார், பாதிரியாராக ஊழியம் செய்தார், தன் மக்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுக்கப் பேசினார். 1972-இல் சர் பட்டம், 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். உடம்பைத் தொடக் கூசியவர்களின் விளையாட்டு, இன்று அவர் பெயரில் ஒரு சுற்று முழுக்க ஆடுகிறது.

சட்டை என்றால் 1993 ஏப்ரல் 17-ஐச் சொல்லாமல் விட முடியாது. விக்டோரியா பார்க் மைதானம். செயின்ட் கில்டா கிளப்பின் பூர்வகுடி ஆட்டக்காரர் நிக்கி வின்மர், ஆட்டம் முழுக்க நிறத்தைச் சொல்லித் திட்டிய கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். கெர்ன்சியைத் தூக்கினார். தன் வயிற்றுத் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். அவ்வளவுதான். அந்தப் புகைப்படம் இன்று பெர்த் மைதானத்துக்கு வெளியே சிலையாக நிற்கிறது. அன்று சொல்ல வேண்டியதைச் சொல்லச் சட்டையை விலக்க வேண்டியிருந்தது. இன்று அதைச் சட்டையிலேயே வரைகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் பெரிது. முழுசாகக் கடந்துவிட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆடம் குட்ஸ் என்ற மாபெரும் பூர்வகுடி ஆட்டக்காரரை 2015 வரை மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டே விரட்டினார்கள். பூர்வகுடிச் சுற்று இருந்த அதே வருஷங்கள்தான் அவை. ஓவியத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, அதை வரைந்தவரின் மகன் பந்தைத் தொடும்போது கூச்சலிடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் சில பூர்வகுடி வீரர்களே இந்த ஜெர்சிச் சடங்கைச் சலிப்போடு பார்க்கிறார்கள். அவர்கள் சலிப்பு நியாயமானது.

அடுத்து உரிமை. இதில்தான் உங்கள் 'இலவச' ஓவியம் மாட்டுகிறது.

திருட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1966-இல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது ஒரு டாலர் நோட்டில் டேவிட் மலங்கி என்பவரின் மரப்பட்டை ஓவியத்தை அச்சடித்தார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு ரிசர்வ் வங்கி ஆளுநர் அவருக்கு 1000 டாலரும், மீன்பிடிக் கருவிகளும், ஒரு வெள்ளிப் பதக்கமும் கொடுத்தார். நாட்டில் எல்லோர் சட்டைப்பையிலும் இருந்த ஓவியம் அது! 1980-களின் கடைசியில் ஜானி புலுன் புலுன் என்ற ஓவியர், தன் ஓவியத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றவர்கள் மேல் வழக்குப் போட்டார். ஆமாம், டி-ஷர்ட்தான். பிறகு மற்ற ஓவியர்களும் சேர்ந்துகொள்ள, நிறுவனம் பணம் கொடுத்துச் சமரசமானது. 1994-இல் இன்னும் பெரிய வழக்கு. பூர்வகுடி ஓவியர்களின் படங்களை வியட்நாமில் கம்பளமாக நெய்து ஆஸ்திரேலியாவில் விற்றார்கள். புனிதக் கதை காலுக்குக் கீழே. நீதிமன்றம் 1,88,640 டாலர் இழப்பீடு விதித்தது. காப்புரிமைச் சட்டத்தின் கணக்கோடு நிற்காமல், ஓவியருக்கு அவர் சமூகத்துக்குள் ஏற்பட்ட அவமானத்தையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்தது. கதையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு ஓவியருடையது, அது யார் கையிலோ போனால் ஊர் அவரைத்தான் கேட்கும்.

இப்போதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2022-இல் வந்த ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையத்தின் அறிக்கைப்படி, பூர்வகுடிப் பாணி நினைவுப்பொருள்களுக்கு மக்கள் செலவழிக்கும் பணத்தில் பாதிக்கு மேல் போலிகளுக்குப் போகிறது. உங்களுக்குக் கிடைத்த கோப்பும் பெரும்பாலும் அந்த வகைதான். பூர்வகுடியல்லாத யாரோ ஒருவர் கணினியில் போட்டது, அல்லது யாருடையதையோ பார்த்து வரைந்தது.

கொடியையும் சட்டையில் சின்னதாகப் போடலாமா என்று கேட்பீர்கள். மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள் வட்டம். மக்கள், மண், சூரியன். லுரிட்ஜா ஓவியர் ஹெரால்ட் தாமஸ் 1971-இல் வரைந்தது. காப்புரிமை அவருடையது என்று 1997-இல் நீதிமன்றமே உறுதி செய்தது. பிறகு துணியில் அதைப் போடும் தனி உரிமம், பூர்வகுடிகள் நடத்தாத ஒரு நிறுவனத்துக்குப் போனது. 2019-இல் பூர்வகுடிப் பெண் ஒருவர் தலைமையிலான சிறிய துணி நிறுவனத்துக்கும், ஏஎஃப்எல், என்ஆர்எல் (ரக்பி லீக்) அமைப்புகளுக்கும் நோட்டீஸ் வந்தது. தன் மக்களின் கொடியைத் தன் சட்டையில் போட ஒருத்தி காசு கட்ட வேண்டும்! கொடியை விடுவியுங்கள் என்று பெரிய இயக்கமே நடந்தது. 2020 பூர்வகுடிச் சுற்றில் கொடி இல்லாமலே ஏஎஃப்எல் ஆடியது. கடைசியில் 2022 ஜனவரியில் அரசு 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமையை வாங்கிப் பொதுவாக்கியது. ஆகவே இன்று கொடியைப் போடலாம், காசு கட்ட வேண்டியதில்லை. நிறத்தை மாற்றாதீர்கள், கிளப் சின்னத்தோடு கலக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: கொடி பொதுவானது, ஓவியம் அப்படியில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஆள், அப்புறம்தான் ஓவியம். உங்கள் பகுதி நகராட்சியில் பூர்வகுடித் தொடர்பு அலுவலர் இருப்பார், அவரிடம் போங்கள். சப்ளை நேஷன் என்ற அமைப்பு பூர்வகுடித் தொழில்களைச் சரிபார்த்துப் பட்டியலிடுகிறது, அதில் வடிவமைப்பாளர்களும் இருக்கிறார்கள். உங்கள் கிளப்பிலோ எதிரணியிலோ பூர்வகுடிக் குடும்பம் இருந்தால் அவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது, வழி காட்டுவார்கள். ஓவியரைச் சந்திக்கும்போது கையில் ஒரு படத்தை எடுத்துப் போய் "இதுமாதிரி வேண்டும்" என்று நிற்காதீர்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள். எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள், கிளப் எப்படித் தொடங்கியது, எந்த ஓடைப் பக்கம் ஆடுகிறீர்கள். அவர் தன் மண்ணின் கதைக்குள் உங்களுக்கு ஓர் இடம் தருவார். 2017-இல் ஆஸ்திரேலிய ரக்பி அணிக்கு டென்னிஸ் கோல்டிங் என்ற கமிலரோய் ஓவியர் வடிவமைத்த ஜெர்சி, அதுவரை அந்த அணிக்கு ஆடிய 14 பூர்வகுடி வீரர்களை நினைவுகூர்ந்தது. அதில் எதுவும் வெறும் அலங்காரமில்லை.

ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். ஓவியத்தின் காப்புரிமை ஓவியரிடமே இருக்கட்டும். நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் அனுமதி மட்டும். எத்தனை சட்டை, எத்தனை சீசன், தொப்பியிலும் பேனரிலும் போடலாமா, சட்டை விற்றால் அவருக்கு என்ன பங்கு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "சமூக கிளப்தானே, இலவசமாகச் செய்து கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். துணிக்குக் கொடுக்கிறோம், தையலுக்குக் கொடுக்கிறோம், கூரியருக்குக்கூடக் கொடுக்கிறோம். ஓவியருக்கு மட்டும் நன்றி சொல்லி அனுப்புவது அநியாயம்.

ஸ்பான்சர் விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. 2022-இல் ஆஸ்திரேலிய நெட்பால் அணியில் டானல் வாலம் என்ற நூங்கர் பெண், புது ஸ்பான்சரான சுரங்க நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய சட்டை போட முடியாமல் தவித்தார். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய லாங் ஹேன்காக் 1984-இல் தொலைக்காட்சியில், பூர்வகுடி மக்களுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்கிற பொருளில் பேசியிருந்தார். அணி வாலத்தோடு நின்றது, நிறுவனம் 1.5 கோடி டாலர் ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் ஸ்பான்சர் மளிகைக் கடையாகவோ வீட்டுக்கடன் தரகராகவோ இருக்கலாம், பிரச்சினை இருக்காது. ஆனாலும் ஓவியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், எந்த இடத்தில் லோகோ வரும் என்பதையும் காட்டுங்கள். ஓவியத்தின் நடுவில், அந்தக் கூடும் இடம் இருக்கும் வட்டத்தின் மேலேயே, கறிவேப்பிலைப் பாக்கெட் விளம்பரம் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வரைந்தவர் என்ன நினைத்திருப்பார்?

அச்சு வேலை திருப்பூரில் நடப்பதில் எந்தத் தவறும் இல்லை. யாருடைய ஓவியம் என்பதுதான் கேள்வி, மெஷின் எங்கே ஓடுகிறது என்பது இல்லை. ஓவியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். சப்ளிமேஷனில் அடிப்பதால் முழுப் பாலியஸ்டர் துணி வேண்டும். 200 டிகிரி பக்கம் சூட்டில் காகிதத்திலிருந்து வண்ணம் ஆவியாகித் துணிக்குள் இறங்கும்போது காவி நிறம் ஏமாற்றும். திரையில் மண் நிறமாகத் தெரிவது துணியில் செங்கல் நிறமாகிவிடும், கறுப்பு பச்சை பாய்ந்து நிற்கும். ஓவியர் கொடுத்த நிறத்தைத் துண்டுத் துணியில் நாலைந்து விதமாக அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்து தையல். முன்பக்கம், பின்பக்கம், கைகள் எல்லாம் தனித்தனியாக அச்சாகி ஓவர்லாக்கில் சேரும். ஒரு பாதை முன்பக்கத்தில் தொடங்கிப் பின்பக்கம் போவதாக ஓவியர் வரைந்திருந்தால், விலாத் தையலில் அது அரை அங்குலம் விலகினாலும் பாதை அறுந்துவிடும். சின்ன சைஸிலும் பெரிய சைஸிலும் கோப்பைத் தனித்தனியாகச் சரிசெய்யச் சொல்லுங்கள், ஒரே கோப்பை இழுத்துச் சுருக்க வேண்டாம். ஓவியத்தை வெட்டுவது, கண்ணாடி பிம்பமாகத் திருப்புவது, நிறத்தை மாற்றுவது எதையும் அவர் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது. பின்பக்க எண்ணுக்கு அடியில் ஓவியம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்கோரருக்கும் எண் தெரியும், ஓவியமும் தப்பிக்கும்.

கடையில் விற்கிற அதிகாரப்பூர்வ பூர்வகுடி ஜெர்சியை நாம் போடலாமா என்றும் சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். எல்லோரும் போடட்டும் என்றுதான் அவர்கள் வரைகிறார்கள். யார் வரைந்தது, என்ன கதை என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் சட்டையில் காலரின் உட்புறம், பிராண்ட் லேபிள் வருகிற இடத்தில், ஓவியரின் பெயர், அவருடைய மக்களின் பெயர், ஓவியத்தின் பெயர் மூன்றையும் அச்சடியுங்கள். தமிழிலும் போடலாம், அவரிடம் உச்சரிப்பைக் கேட்டு எழுத்துக்கூட்டி. திருப்பூரிலிருந்து முதல் சாம்பிள் வந்ததும் அதை நேரில் எடுத்துப்போய் அவர் கையில் கொடுங்கள். விரித்துப் பார்த்து, சரி என்று அவர் சொன்ன பிறகு மீதியை அச்சுக்கு விடுங்கள்.